வண்டியில் நோயாளி, தொலைவில் மருத்துவர்



108 வண்டி நம் எல்லோருக்கும் தெரியும். அதன் சத்தம் கேட்டால் வழி விடுகிறோம். ஆனால் அந்த வண்டியின் உள்ளே என்ன நடக்கிறது? இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

நள்ளிரவு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவருக்கு நெஞ்சை அழுத்துகிறது. உடம்பெல்லாம் வியர்க்கிறது. இடது கை வலிக்கிறது. "வாயுதான், சோடா குடித்தால் சரியாகிவிடும்" என்கிறார் ஒருவர். "ஆட்டோவைக் கூப்பிடு, சீக்கிரம் போய்விடலாம்" என்கிறார் இன்னொருவர். இப்படிப் பேசிப் பேசியே அரை மணி நேரம் போய்விடுகிறது. பெண்களுக்குச் சில சமயம் நெஞ்சுவலியே வராது. மூச்சு வாங்கும். உடம்பு சோர்ந்து போகும். அப்போது இன்னும் அலட்சியம்!

ஆட்டோ வேகமாகப் போகலாம். ஆனால் வழியில் பெரியவரின் இதயம் நின்றுபோனால், ஆட்டோவில் யார் என்ன செய்ய முடியும்?

108 வண்டியில் ஓட்டுநருடன் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் இருப்பார். அவர் நோயாளியின் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்ப்பார். விரல் நுனியில் ஒரு கிளிப்பை மாட்டுவார். கொரோனா காலத்தில் பலர் வீட்டில் இதைப் பார்த்திருப்பீர்கள். அது விரலுக்குள் சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும். பொதுவாக 95க்கு மேல் இருந்தால் நல்லது. 90க்குக் கீழே போனால் ஆபத்து. இதற்கு வழி கண்டவர் டகுவோ அயோயாகி என்ற ஜப்பானியர். ஆண்டு 1974.

அடுத்தது இ.சி.ஜி. மார்பிலும் கை கால்களிலும் பத்து ஒயர்களை ஒட்டுவார்கள். ஷாக் அடிக்குமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். அடிக்காது. இதயம் துடிக்கும்போது உடம்பிலேயே மிகச் சிறிய மின்சாரம் உண்டாகிறது. ஒயர்கள் அதை அளக்கின்றன, அவ்வளவுதான். அந்த அளவு தாளில் கோடுகளாக வரும்.

வசதியுள்ள வண்டிகளில் இந்தக் கோடுகள் செல்போன் வழியாகத் தொலைவில் உள்ள மருத்துவருக்குப் போகின்றன. நாம் போட்டோ அனுப்புவது போலத்தான். இது புதிய எண்ணம் அல்ல. ஹாலந்து நாட்டில் ஐந்தோவன் என்ற அறிஞர் இருந்தார். ஆஸ்பத்திரியில் நோயாளி, ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி அவருடைய ஆய்வுக்கூடம். 1905இல் அவர் தொலைபேசிக் கம்பி வழியாகவே இதயத் துடிப்பை அங்கே பதிவு செய்தார்!

இதனால் நமக்கு என்ன லாபம்? மாரடைப்பில் இதயத்துக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபடுகிறது. நேரம் ஆக ஆக இதயத்தின் சதை சாகிறது. செத்த சதை திரும்ப வராது. கோடுகளைப் பார்த்ததும் மருத்துவருக்கு விஷயம் புரியும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அவர் சொல்வார். அடைப்பைக் கரைக்கும் ஊசி போதுமா, குழாயைத் திறக்கும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமா என்று முடிவு செய்வார். வண்டி போய்ச் சேரும்போது அங்கே எல்லாம் தயாராக இருக்கும்.

ஆனால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? "ஒயர் ஒட்டிக்கொண்டு நிற்கிறாயே, வண்டியை எடப்பா!" என்று சண்டை போடுகிறார்கள். இ.சி.ஜி. எடுக்கச் சில நிமிடம்தான். தவறான ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினால் மணிக்கணக்கில் வீணாகும். "நம்ம சொந்தக்காரர் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு விடு" என்று வழியை மாற்றச் சொல்வதும் உண்டு. அங்கே இதய மருத்துவர் இல்லையென்றால் சொந்தக்காரர் என்ன செய்வார், பாவம்?

ஐதராபாத்தில் 2005 ஆகஸ்டு 15 அன்று 108 சேவை தொடங்கியது. இன்று பல மாநிலங்களில் இருக்கிறது. கூப்பிடக் காசு இல்லை. ஊர்ப் பெயரோடு கோயில், பள்ளிக்கூடம் என்று அடையாளமும் சொல்லுங்கள். வண்டி வரும்வரை நோயாளியை நடக்க விடாதீர்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகளையும் பழைய சீட்டுகளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லா வண்டியிலும் இ.சி.ஜி. அனுப்பும் கருவி இல்லை என்பதும் உண்மை. அப்போது உதவியாளர் கட்டுப்பாட்டு அறையில் உள்ள மருத்துவரைப் போனில் அழைப்பார். நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு எல்லாம் சொல்லி யோசனை கேட்பார். மலைப் பாதையில் சிக்னல் கிடைக்காமலும் போகலாம். அப்போதும் அளப்பதை நிறுத்த மாட்டார். எத்தனை மணிக்கு எந்த அளவு என்று தாளில் எழுதிக்கொண்டே வருவார். ஆஸ்பத்திரி வாசலில் அந்தத் தாள் மருத்துவர் கைக்குப் போகும்.