ஆறு வயதில் முளைக்கும் பல்

(தோட்டக் கிளைச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளம், வீடு, மருத்துவ லீவு என்று பேசி வந்த இந்த மேடையில் இன்று பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கிராணிக்கு வேறு வேலை இல்லையா என்று சிலர் சிரிக்கலாம். பல்வலியால் அழும் பிள்ளையை இரவெல்லாம் தோளில் சுமந்துவிட்டு, விடியுமுன் பிரட்டில் போய் நின்றவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

முதலில் எங்கள் வீட்டுக் குறையைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் மூத்த மகள் முதலாம் வகுப்பில் படித்தபோது, பள்ளிக்கு வந்த பல் சிகிச்சைக் குழுவினர் ஒரு சம்மதப் பாரம் கொடுத்தனுப்பினார்கள். தோட்டத்து மக்களுக்கெல்லாம் பாரம் எழுதிக் கொடுக்கும் நாங்கள், எங்கள் மகளின் பாரத்தை மேசை லாச்சியில் போட்டு மறந்துவிட்டோம். பால் பல்தானே, விழுந்தால் முளைக்கும் என்ற எண்ணம். பன்னிரண்டு வயதில் அந்தப் பல்லைப் பிடுங்க நேர்ந்தது. அது பால் பல் அல்ல, ஆயுள் முழுதும் இருக்க வேண்டிய பல் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

தாய்மார்கள் இதை நன்றாக நினைவில் வைக்க வேண்டும். ஏறக்குறைய ஆறு வயதில், பால் பற்களுக்குப் பின்னால் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. எந்தப் பல்லும் விழாமலே முளைப்பதால் அவை வந்தது பலருக்குத் தெரிவதில்லை. பன்னிரண்டு வயதளவில் அவற்றுக்குப் பின்னால் இன்னும் நான்கு வரும். இவை விழுந்தால் வேறு பல் முளைக்காது.

இந்தப் பற்களின் மேற்புறத்தில், பால் மரத்து வெட்டுப் போலப் பள்ளங்கள் ஓடுகின்றன. மரத்து வெட்டில் ஒட்டிய பாலை மறுநாள் உரித்து எடுத்துவிடுகிறோம். பல்லின் பள்ளமோ பிரஷ்ஷின் ஒரு மயிர்கூட நுழையாத குறுகல். அங்கே தங்கும் கிருமிகள், டின் பாலிலும் மிட்டாயிலும் உள்ள சீனியைத் தின்று புளிப்பை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பு பல்லை அரிக்கிறது. பிள்ளைகளின் நிரந்தரப் பற்களில் விழும் சொத்தைகளில் பத்துக்கு ஒன்பது கடைவாய்ப் பற்களில்தான்.

இதற்குத் தடுப்பு இருக்கிறது. மழைக்காலத்தில் வெட்டுப் பட்டையில் நீர் இறங்காதபடி மரத்துக்கு மறைப்புக் கட்டுகிறோம் அல்லவா? அதுபோல் பல்லின் பள்ளத்தை மெல்லிய பிசின் பூச்சால் மூடிவிடுகிறார்கள். பல்லைச் சுத்தம் செய்து, மேற்புறத்தில் ஓர் அமிலத்தைச் சில விநாடிகள் தடவிக் கழுவி, உலர்த்தி, பூச்சை ஊற்றி, நீல விளக்கொளியால் இறுக வைக்கிறார்கள். ஸ்டோரில் பால் உறைய ஊற்றும் அமிலத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். பூச்சு வழுக்காமல் பிடிக்கவே இது. ஊசி இல்லை, துளை போடுவதில்லை, வலியும் இல்லை.

அமிலம் தடவினால் பல்லில் பிசின் உறுதியாகப் பிடிக்கும் என்பதை 1955-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவனோகோர் வெளியிட்டார். பள்ளங்களைப் பூச்சால் அடைத்துக் கண்ட பலனை 1967-இல் வெளியிட்டார்கள். நம் நாட்டுப் பள்ளிகளில் இது 1999-இல் திட்டமாகத் தொடங்கியது. பூச்சிட்ட கடைவாய்ப் பற்களில் இரண்டு ஆண்டுகளுக்குச் சொத்தை நூற்றுக்கு எண்பது பங்கு தடுக்கப்படுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

பூச்சு போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று இருந்துவிடக் கூடாது. அது பல்லின் பள்ளத்தைத்தான் காக்கும். பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள சந்தைக் காக்காது. ஆகவே ஃபுளோரைடு கலந்த பற்பசையால் காலையிலும் படுக்குமுன்னும் துலக்க வேண்டும். குழந்தையைச் சீனிப்பால் புட்டியோடு தூங்க வைக்கக் கூடாது. பூச்சு தேய்ந்ததா, பெயர்ந்ததா என்று பல் மருத்துவரிடம் அவ்வப்போது காட்ட வேண்டும்; பெயர்ந்தால் மறுபடி போடலாம். ஆழமாகச் சொத்தை விழுந்துவிட்ட பல்லுக்கு இந்தப் பூச்சு உதவாது. அதனால்தான் பல் முளைத்தவுடனே போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறோம்.

தோழர்களே! இந்தப் பாதுகாப்புக்கும் நம் பிள்ளைகளுக்கும் நடுவே நிற்பது பணம் அல்ல, ஒரு கையெழுத்து. பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பிள்ளையின் பல்லைத் தொடமாட்டார்கள். விடியுமுன் உளியோடு நிரைக்குப் போகிறவர்களுக்கு, பிள்ளையின் பையில் இருக்கும் காகிதத்தைப் பார்க்க நேரமில்லை என்பதை அறிவோம். சிலருக்கு அதில் எழுதியிருப்பது விளங்குவதில்லை. பாரம் வரும் நாட்களில், மாலையில் சங்க அறையில் நாங்கள் உட்கார்ந்திருப்போம். கொண்டு வாருங்கள், வாசித்து விளக்குகிறோம். சந்தேகம் இருந்தால் பள்ளிக்குக் கூடவே வந்து கேட்கிறோம். ஒரு பாரம்கூட லாச்சியில் கிடக்கக் கூடாது.

எங்கள் இளைய மகனுக்குப் பாரம் வந்த அன்றிரவே கையெழுத்திட்டோம். அவனுடைய நான்கு பற்களும் இன்று முழுசாக இருக்கின்றன. மூத்தவள் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடுகிறாள். ஒரே வீட்டில் ஒரே சோறு உண்ட இரு பிள்ளைகளுக்கும் உள்ள வித்தியாசம், அந்த ஒரு கையெழுத்துதான்.