இறந்தோர் ஈந்த வளர்ச்சி



பத்தாண்டு நிறைவு விழாவில் இலக்கியம் பேசாமல் மருத்துவம் பேச வந்திருக்கிறேனே என்று சிலர் எண்ணக்கூடும். நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைகளுக்கு அளிக்கப்படும் ஹார்மோன் சிகிச்சை. அது ஊசியோடு முடிந்துவிடும் செய்தியாக இருந்தால் இம்மன்றத்தில் அதற்கு இடமில்லை. அதன் பாதி ஊசியிலும், மறுபாதி நம்முடைய சொல்லிலும் இருக்கிறது. ஆகவேதான் துணிந்தேன்.

மூளையின் அடியில், எலும்பில் அமைந்த ஒரு சிறு குழியில், பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி அமர்ந்திருக்கிறது. எடை ஏறத்தாழ அரை கிராம். குதிரைச் சேணத்தின் வடிவை ஒத்திருப்பதால் அதன் இருக்கைக்குத் 'துருக்கிச் சேணம்' என்று உடற்கூற்று நூலார் பெயரிட்டார்கள். இச்சுரப்பி தருவனவற்றுள் ஒன்றே வளர்ச்சி ஹார்மோன். 191 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சரம். அது இடைவிடாமல் ஒழுகுவதில்லை. அலை அலையாக வருகிறது. குழந்தை கண்ணயர்ந்து ஆழ்ந்த உறக்கத்தில் விழும்போது பேரலை எழுகிறது. தொட்டிலை ஆட்டித் தாலாட்டுப் பாடிய நம் தாய்மார்கள் அறியாமலே வளர்ச்சிக்குக் கதவு திறந்துவிட்டிருக்கிறார்கள்.

பல ஆயிரம் குழந்தைகளுள் ஒன்றுக்கு இச்சுரப்பு போதிய அளவில் கிடைப்பதில்லை. அத்தகைய குழந்தையின் கை, கால், உடல் யாவும் அளவொத்தே இருக்கும். அறிவில் குறை இராது. ஆயினும், ஆறு வயதுப் பிள்ளை மூன்று வயதுப் பிள்ளை போல் நிற்கும். கைக்குழந்தையாக இருக்கும்போதே இரத்தத்தில் சர்க்கரை திடீரெனக் குறைந்து உயிருக்கே ஊறு நேர்வதும் உண்டு. ஆகவே இதை வெறும் உயரக் குறைவு என்று தள்ளிவிட இயலாது. அதே வேளையில், உருவில் சிறியவர் அனைவருக்கும் இக்குறை உண்டு என்று கருதுவதும் பிழை. பெற்றோர் வழி வந்த குறுமை நோயன்று.

நீரிழிவு நோயாளிக்கு 1922 முதல் மாடு, பன்றி ஆகியவற்றின் இன்சுலின் கைகொடுத்தது. வளர்ச்சி ஹார்மோனோ அவ்வாறு உதவவில்லை. விலங்கின் சுரப்பை மனித உடல் ஏற்க மறுத்தது. மனிதனை வளர்க்க மனிதனிடமிருந்தே எடுக்கவேண்டும் என்ற நிலை. 1956இல் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சோ ஹாவ் லீயும் அவர் துணைவரும் மனிதச் சுரப்பியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். 1958இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர் மாரிஸ் ரேபன், இறந்தவர்களின் சுரப்பியிலிருந்து எடுத்த ஹார்மோனால் 17 வயது இளைஞன் ஒருவன் வளர்ந்ததை உலகுக்கு அறிவித்தார்.

சற்று எண்ணிப் பாருங்கள். முன்பின் அறியாத ஒருவர் இறக்கிறார். அவர் தலைக்குள் இருந்த பட்டாணி அளவுச் சதை எங்கோ ஒரு சிறுவனின் எலும்பை நீளச் செய்கிறது. கொடை என்ற சொல்லுக்கு இதைவிட உயர்ந்த உரை எழுத முடியுமா? ஆனால் அக்கொடை பெறப்பட்ட விதம் அத்துணை உயர்வானதாக இல்லை. பிரிட்டனில் பிணவறைப் பணியாளருக்குச் சுரப்பி ஒன்றுக்கு இவ்வளவு என்று சிறு தொகை தரப்பட்டது. ஒரு குழந்தையின் ஓராண்டு மருந்துக்கே பல பத்துச் சுரப்பிகள் தேவைப்பட்டன. ஆகவே ஆயிரக்கணக்கான சுரப்பிகளை ஒன்றாகக் கலந்து மருந்து வடித்தார்கள். அவ்வாறு வடித்தும் போதவில்லை. ஒரு பிள்ளை குறித்த உயரத்தை எட்டியதும் மருந்தை நிறுத்தி, காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்குக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் 1963 முதல் 1985 வரை ஏறத்தாழ 7,700 குழந்தைகள் அரசின் ஏற்பாட்டில் இம்மருந்தைப் பெற்றனர். பிரிட்டனில் 1,800க்கும் மேற்பட்டோர் பெற்றனர். பிள்ளைகள் வளர்ந்தார்கள், பெற்றோர் மகிழ்ந்தார்கள்.

1984 நவம்பரில், சிறுவயதில் இம்மருந்தைப் பெற்ற அமெரிக்க இளைஞர் ஒருவர் இருபதாம் வயதில் இறந்தார். நடை தடுமாறி, நா குழறி, சில மாதங்களில் முடிவு வந்தது. கிராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய் என்பது அதன் பெயர். முதியோரை அரிதாகத் தாக்கும் அந்நோய் ஓர் இளைஞரிடம் எவ்வாறு வந்தது? அடுத்தடுத்து இதே போன்ற மரணங்கள் தெரியவரவே, 1985 ஏப்ரலில் அமெரிக்கா மருந்து வழங்குவதை நிறுத்தியது. பிரியான் எனப்படும் உருமாறிய புரதமே இந்நோயின் காரணம். ஆயிரம் சுரப்பிகளுக்கிடையே நோயுற்ற ஒருவரின் சுரப்பி ஒன்று கலந்தாலும், அந்தக் கலவை முழுவதும் நஞ்சாகிவிடும். அந்நஞ்சு உடலுக்குள் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள்கூட உறங்கிக் கிடக்கும்.

உலகெங்கும் இருநூறுக்கும் மேற்பட்டோர் இவ்வாறு மாண்டனர். மிகுதியான இழப்பு பிரான்சு நாட்டுக்கு. அங்கு மட்டும் நூறுக்கும் மேல். அமெரிக்காவில் 1977இல் மருந்தைத் தூய்மைப்படுத்தும் முறை மாற்றப்பட்டபின் ஆபத்து மிகவும் குறைந்தது. கவனம் கூடியிருந்தால் உயிர்கள் மிஞ்சியிருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1977 ஜூலைக்குப் பின் புதிதாகச் சிகிச்சை தொடங்கப்பட்டவர்கள் திறத்தில் அரசுத் துறை கடமை தவறியது என்று 1996இல் லண்டன் உயர்நீதிமன்றம் கூறியது. பிரான்சில் 2008இல் நடந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோர் 2009இல் விடுவிக்கப்பட்டனர். 2011இல் மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பே நிலைத்தது. கதை அதோடும் முடியவில்லை. இம்மருந்தைச் சிறுவயதில் பெற்ற ஐவருக்கு நினைவழிக்கும் அல்சைமர் நோயும் அதன் வழியாகவே வந்திருக்கக்கூடும் என்று 2024இல் லண்டன் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

அந்த வீடுகளை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. மாண்டவர்களுள் சிலருக்கு இம்மருந்து இன்றியமையாததாக இருந்தது. வேறு சிலரோ சிறிய உருவோடு நெடுநாள் வாழ்ந்திருக்கக்கூடியவர்கள். "நான்தானே அழைத்துச் சென்றேன்" என்று எண்ணி எண்ணிக் குமுறும் தாய்க்கு எந்த நீதிமன்றம் ஆறுதல் சொல்லும்? அவள் மருந்தை நாடியது பிள்ளையின் நலம் கருதி. அதில் ஐயமில்லை. ஆனால் தெருவில் ஒலித்த கேலியும் அவளை மருத்துவமனை வாயிலுக்குத் தள்ளவில்லை என்று நம்மால் சொல்ல முடியுமா?

நல்வாய்ப்பாக அறிவியல் வேறொரு வழியைத் திறந்தது. 1979இல் அமெரிக்க ஆய்வாளர்கள், மனித ஹார்மோனை ஆக்கும் மரபுக் கட்டளையை ஈ.கோலை என்னும் குடல்வாழ் நுண்ணுயிருக்குள் புகுத்தி, அதைக்கொண்டே ஹார்மோனைச் செய்வித்தார்கள். 1985 அக்டோபரில், பழைய மருந்து நின்று ஆறு மாதங்களில், புதிய மருந்து அங்கு அனுமதி பெற்றது. இதில் இறந்தோர் உடலுக்கு வேலையில்லை. ஆகவே அந்த நோய்க்கும் வழியில்லை. இன்று இரவுதோறும் தோலுக்கடியில் போடும் சிறு ஊசி, இக்குறையுள்ள குழந்தையை உரிய காலத்தில் தொடங்கினால் பிறரைப் போலவே வளர்க்கிறது. வாரம் ஒருமுறை போடும் மருந்தும் 2021 முதல் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்திருக்கிறது. விலைதான் எளியோர்க்கு எட்டாததாக இருக்கிறது.

இங்கே அவைக்கு ஒரு நடைமுறைச் செய்தி. நான்கு வயது முதல் பூப்படையும் பருவம் வரை குழந்தை ஆண்டுக்கு ஐந்து அல்லது ஆறு சென்டிமீட்டர் வளரவேண்டும். சுவரில் கோடிட்டு அளந்து வாருங்கள். ஈராண்டு தொடர்ந்து அதில் குறைந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். எலும்பு முனையில் உள்ள வளர்ச்சித் தட்டு பருவமெய்தியபின் மூடிக்கொள்ளும். அதன்பின் எந்த ஊசியும் உயரம் தராது.

மருந்து அரிதாக இருந்த நாளில் 'யாருக்குக் கொடுப்பது' என்பது கேள்வி. மருந்து பெருகிய நாளில் 'யாரைக் குள்ளர் என்பது' என்று அக்கேள்வி மாறியது. சுரப்பில் எக்குறையும் இல்லாத, ஆனால் நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவில் மிகச் சிறிய உருவுடைய குழந்தைகளுக்கும் தரலாம் என்று 2003இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. அக்குழந்தையின் உடலில் நோய் இல்லை. எனில் எதற்காக அவனை ஆண்டுக்கணக்கில் இரவுதோறும் ஊசியால் குத்துகிறோம்? பார்ப்பவர் கண்ணிலும் வாயிலும் உள்ள ஒன்றுக்காகத்தானே!

கவிஞர்களிடம் நான் வந்த காரணம் இதுதான். கலித்தொகையின் 94ஆம் பாட்டை நீங்கள் அறிவீர்கள். அரண்மனைப் பணியாளர்களான கூனி ஒருத்தியும் குறளன் ஒருவனும் அதில் உரையாடுகிறார்கள். ஒருவர் உடலை மற்றவர் எள்ளி, பிறகு இணங்கி, காதலராகிறார்கள். நகைச்சுவைப் பாட்டு என்றே நம் வகுப்பறைகளில் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஆனால் முடிவில் என்ன நேர்கிறது? அரண்மனையில் காண்போர் தங்களைக் கண்டு நகைக்கக்கூடாதே என்று அஞ்சி, அவ்விருவரும் சோலைப் பக்கம் ஒதுங்குகிறார்கள். அந்த அச்சத்தை அக்கவிஞன் செவிமடுத்திருக்கிறான். நாம் சிரிப்பை மட்டும் கேட்டோம். அச்சத்தைக் கேளாமல் விட்டோம்.

குறள் என்ற சொல்லுக்கே குறுமை என்பதுதான் பொருள். நூலுக்கு அப்பெயர் அமைந்தபோது அதில் இழிவு காணாத நாம், மனிதனுக்கு அது வரும்போது மட்டும் ஏன் காண்கிறோம்? அகத்தியரைக் குறுமுனி என்று வணங்கும் அதே நாவால், தெருவில் போகும் பிள்ளையைக் 'குள்ளா' என்று கூவி அழைக்கிறோம்.

சுரப்புக் குறையை மருத்துவர் தீர்ப்பார். அதற்கு இன்று தூய மருந்து இருக்கிறது. அந்த மருந்துக்கு வழி காட்டியவர்கள் பெயரறியா இறந்தோர். அதற்கு விலையாக உயிர் தந்தவர்கள் இருநூறு இளைஞர்கள். அவர்களை நன்றியோடு நினைப்போம். நகைப்பு என்னும் மற்றொரு நோய்க்கு மருத்துவமனையில் மருந்து இல்லை. அது சொல்லில் பிறந்த நோய், சொல்லால்தான் ஆறவேண்டும். இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுகளில் எழுதப்படும் கவிதைகளுள் ஒன்றேனும், சோலைக்கு ஒதுங்கிய அவ்விருவரையும் அரண்மனை முற்றத்துக்கே அழைத்து வருமானால், இன்று நான் பேசியது வீண்போகாது.