கட்டைவிரல் எங்கே போச்சு?

(சிதம்பரத்தில் மாணவர்களிடையே பேசியது)



கடலூரில் வங்கிக் குமாஸ்தா நான். உதவித்தொகை வாங்க வந்த பெரியவரிடம் தலை நிமிராமல் "ரேகை வைங்க" என்றேன். "அத கரும்பு மெஷின் வாங்கிடுச்சு சாமி" என்றார். சேரிக்காரர். நானும் சேரிதான், என்னைப் போய் சாமி என்கிறார்.

2011 கணக்கெடுப்பில் மொத்த மக்களில் ஊனமுற்றோர் 2.21 சதவீதம். தலித்துகளில் 2.45. இதுவா தலைவிதி? கூலி வேலை, பசி, எட்டாத ஆஸ்பத்திரி.

1995 சட்டம் 7 வகை ஊனம் சொன்னது. 2016 சட்டம் 21. சாதி உடம்பை எப்படி முடமாக்குகிறது என்று எந்தப் பட்டியலும் கேட்கவில்லை. ஆந்திராவில் பார்வையற்ற தலித் பெண்மீது நடந்த பாலியல் வன்முறை வழக்கில், சாதி, பால், ஊனம் மூன்றையும் சேர்த்தே பார்க்கணும் என்றது உச்ச நீதிமன்றம், 2021இல். ஆயுள் தண்டனை நின்றது. ஆனால் சாதிக்காக நடந்ததற்கு ஆதாரம் போதாது என்று வன்கொடுமைச் சட்டத் தண்டனை ரத்தானது.

ஆதாரத்தை யார் சேர்ப்பது? நாமதான். சேரிகளுக்குப் போங்க. எந்தக் கை போச்சு என்பதோடு நிறுத்தாதீங்க. எந்த வேலையில், யார் நிலத்தில், ஈடு கிடைச்சுதா? எழுதியதை அந்தத் தெருவிலேயே படிச்சுக் காட்டுங்க.

அன்று அந்தப் பெரியவரிடம் நான் கேட்காமல் விட்டது இதைத்தான்.