திருவிழா மேடையும் கிராமப் பெண்மக்களும்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



குடிநீர்க் குழாய், தெரு விளக்கு, கண்மாய்க் கரை ஆகியவை குறித்துப் பேசுவதற்கே இத்தகைய முகாம்கள் கூட்டப்படுவது வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் அவற்றினின்றும் சற்று விலகியதாகத் தோன்றலாம். அறுவடை முடிந்து களம் ஒழிந்ததும், பங்குனி முதல் ஆடி வரையில் ஊர்தோறும் அம்மன் கோயில் திருவிழாக்கள் நடைபெறுகின்றன. முன்பு கூத்தும் நாடகமும் நடந்த மேடையில், கடைசி நாள் இரவில், இப்போது பல ஊர்களில் 'ஆடல் பாடல்' என்னும் நிகழ்ச்சி நடைபெறுகிறது. அதைப் பற்றியே பேசப்போகிறோம். கிராம அபிவிருத்திக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் எண்ணக்கூடும். ஊர்ப் பொதுப்பணத்தில் எது நடக்கிறதோ அது அபிவிருத்தியைச் சேர்ந்த விஷயமே.

திருவிழாவைத் தாங்கி நிற்போர் யார் என்பதை முதலில் பார்ப்போம். முளைப்பாரிக்கு விதை பாவி, இருட்டறையில் வைத்து, வேளை தவறாமல் நீர் தெளித்து வளர்ப்பவர்கள் பெண்கள். விரதம் காப்பவர்கள் அவர்கள். மாவிளக்குக்கு மாவு இடிப்பதும், பொங்கல் வைப்பதும், கும்மி கொட்டுவதும் அவர்களே. ஆனால் விழாக் குழுவில் ஒரு பெண்ணின் பெயரேனும் உண்டா? அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். நாட்டாண்மை, பொருளாளர், இளைஞர் அணியினர் என்று வரிசை வரிசையாகப் பெயர்கள் இருக்கும், அத்தனையும் ஆண்களுடையவை. 2016-ம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் உள்ளாட்சி இடங்களில் பாதி மகளிருக்கு உரியதாயிற்று. 2019-லும் 2021-லும் நடந்த ஊரகத் தேர்தல்களில் பெண்கள் அந்த இடங்களில் அமர்ந்தார்கள். ஊராட்சி மன்றத்தில் சரிபாதி உடையவர்களுக்கு அம்மன் கோயில் வரவு செலவில் அரைக்கால் பங்கும் இல்லை என்பது விசித்திரமான நிலைமை அன்றோ?

இதற்குக் காரணம் தலைக்கட்டுக் கணக்கு. ஊர் வரி தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று விதிக்கப்படுகிறது. தலைக்கட்டு என்றால் மணமான ஆண். கணவனை இழந்தவள் தலைமை ஏற்றிருக்கும் குடும்பத்தைச் சில ஊர்களில் அரைத் தலைக்கட்டு என்பர். சில ஊர்களில் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இதனைச் சலுகை என்று சொல்லிக்கொள்வதும் உண்டு. அரை வரி வாங்கியவளுக்கு ஊர்க்கூட்டத்தில் அரைப் பேச்சாவது உண்டா என்றால், அதுவும் இல்லை. வயலிலும் இதே கதைதான். நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்க, 2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டின் நிலக் கைப்பற்றுதாரர்களில் பெண்கள் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கும் குறைவு. உழவர் என்றதும் நம் மனக்கண்ணில் தலைப்பாகை கட்டிய ஓர் ஆண் வந்து நிற்பதற்கு இது ஒரு காரணம்.

இவ்வாறு பெண்கள் இல்லாத குழு கூடி, கடைசி இரவுக்கு என்ன நிகழ்ச்சி என்று முடிவு செய்கிறது. முடிவு எத்தகையதாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து நான்கைந்து பெண்கள் ஒரு வேனில் அழைத்து வரப்படுகிறார்கள். சினிமாப் பாட்டுக்கு ஆடச் சொல்கிறார்கள். ஆடுவதோடு விடுவதில்லை. அறிவிப்பாளர் இரட்டைப் பொருள் பட ஏதோ சொல்வார், கூட்டம் ஆர்ப்பரிக்கும். ஒருவர் மேடையேறி நோட்டைக் கையில் கொடுக்காமல் வேறு எங்கோ செருக முற்படுவார். தாய்மார்கள் மெல்ல எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஏழெட்டு வயதுச் சிறுவர்கள் மட்டும் மேடையின் அடியிலேயே உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெண் என்பவள் காசு கொடுத்துக் கூச்சலிட்டுப் பார்ப்பதற்கு உரிய ஒரு பொருள் என்ற பாடத்தை அச்சிறுவர்களுக்கு ஊரே வரி வசூலித்துக் கற்பிக்கிறது. மறுநாள் பள்ளிக்கூடப் பேருந்தில் உடன் பயணம் செய்யும் பெண்பிள்ளைகளிடம் அவர்கள் அந்தப் பாடத்தை ஒப்பிக்கும்போது நாம் ஆசிரியரைக் குறை கூறுகிறோம்.

சினிமாதான் இதற்குக் காரணம் என்று சொல்வோர் உளர். சினிமாவின் பங்கை நாம் மறுக்கவில்லை. சிவந்த மேனியே பெண்ணுக்கு வாழ்வு என்று விளம்பரங்கள் பல்லாண்டுகள் ஓதின. 1975-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற பெயரில் சந்தைக்கு வந்த முகப்பூச்சு, அப்பெயரிலிருந்த சிவப்பைக் குறிக்கும் சொல்லை விடுவதற்கு 2020 வரை ஆயிற்று. ஆயினும், திரையில் பெண்ணை வேறு விதமாகவும் இந்நாடு பார்த்திருக்கிறது. கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் 1935-ல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம் ஏற்றார். 1953-ல் ஔவையாராக வந்தார். ஜனங்கள் திரண்டது அவருடைய குரலுக்காக. சட்ட மேலவையிலும் அவர் உறுப்பினராக அமர்ந்தார். அவ்வாறு ஒரு பெண்ணின் திறமையைக் கேட்டு ரசித்தவர்களின் பேரர்களே இன்றைய விழாக் குழுவினர்.

இன்னும் சிலர் இது பழைய வழக்கம் என்பர். இது சரித்திரத்துக்குப் பொருந்தாத வாதம். தெருக்கூத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினர். கரகம் மாரியம்மன் வழிபாட்டோடு சேர்ந்த கலை. தலையில் கரகம் அசையாமல் நிற்க, நையாண்டி மேளத்துக்கு ஏற்பக் காலை எடுத்து வைப்பதற்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். அக்கலையைக் கற்றவரைப் பார்த்து, கரகம் கிடக்கட்டும், பாவாடையைக் குறைத்துக்கொண்டு வா என்று சொன்னவர் அம்மன் அல்லர், அட்வான்ஸ் கொடுத்தவர்கள்.

மேடையில் ஆடும் பெண்களைப் பழிப்பதும் நமக்கு உடன்பாடன்று. வறுமையும் கடனும் அவர்களை அந்த வேனில் ஏற்றுகின்றன. மகாராஷ்டிரத்தில் 2005-ல் மதுக்கூட நடனங்கள் தடை செய்யப்பட்டன. ஆடியவர்களின் பிழைப்பைப் பறித்த அத்தடை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்தது. ஆகவே, தடை ஒன்றே போதும் என்று நாம் கருதவில்லை. நிகழ்ச்சி நடத்தியே தீருவோம் என்னும் ஊர்களை நாம் கேட்பது வேறு. உடை மாற்றுவதற்குத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை உண்டா? கழிப்பறை உண்டா? பேசிய கூலி ஆட்டத்துக்கு முன்பே அவர்கள் கையில் சேருகிறதா? விடிவதற்குள் பத்திரமாக ஊர் திரும்ப வண்டி உண்டா? கலைநிகழ்ச்சி என்று பெரிய எழுத்தில் அச்சிடும் ஊர், கலைஞருக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை இது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஆடல் பாடலுக்கு அனுமதி அளித்தபோது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆபாச நடனமும் இரட்டைப் பொருள் வசனமும் கூடாது என்று நிபந்தனை விதித்திருக்கிறது. பொது இடத்தில் ஆபாசச் செய்கையும் பாட்டும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ம் பிரிவுப்படி மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி எல்லை என்பது 2000-ம் ஆண்டு விதி. விளம்பரத்திலும் அச்சிலும் பெண்களை இழிவாகச் சித்திரிப்பதைத் தடுக்க 1986-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது.

சட்டம் எட்டாத இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். பூப்பு நீராட்டு விழாவுக்குப் பேருந்து நிறுத்தத்தில் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளையின் படத்தை ஆள் உயரத்துக்கு அச்சிட்டுப் பதாகை கட்டுகிறோம். அன்பினாலேயே செய்கிறோம், சந்தேகமில்லை. ஆனால் அதே பதாகையின் கீழே நின்றுதான் அந்தப் பிள்ளை திங்கட்கிழமை பள்ளிக்கூடப் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டோமா?

நம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊரில் நடந்ததைக் கூறுகிறோம். சுய உதவிக் குழுப் பெண்கள் சிலர், முந்தின ஆண்டு வரவு செலவை வாசித்தால்தான் இவ்வாண்டு முளைப்பாரி பாவுவோம் என்று சொல்லிவிட்டார்கள். முளைப்பாரி இல்லாமல் திருவிழா ஏது? கணக்கு வாசிக்கப்பட்டது. கோயில் மராமத்துக்குச் செலவானதைக் காட்டிலும் ஓர் இரவு ஆட்டத்துக்குச் செலவானது அதிகம் என்பது அன்றுதான் பலருக்குத் தெரியவந்தது. அடுத்த ஆண்டு வில்லுப்பாட்டு வைத்தார்கள். இளைஞர் கூட்டம் குறைவுதான், அதை மறைப்பானேன்? தாய்மார்கள் கடைசி வரை இருந்தார்கள். குழுவில் இரண்டு பெண்களைச் சேர்த்தார்கள். அவர்களில் ஒருவர் அரைத் தலைக்கட்டுக்காரர். முழு வரி கொடுக்கிறேன், முழுத் தலைக்கட்டாக எழுதுங்கள் என்று அவர் எழுந்து கேட்டார். அந்தக் கேள்விக்கு ஊர் இன்னும் விடை கூறவில்லை. மே 1-ம் தேதி கிராம சபையில் அது பேசப்பட இருக்கிறது. அரைத் தலைக்கட்டு உள்ள மற்ற ஊர்களின் உறுப்பினர்களும் இதை ஒரு பொருளாக எழுதித் தருவார்களானால், அன்றைய நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பதற்கு வேண்டிய உதவியை நம் அலுவலகம் செய்யும்.