கவுன்சிலிங் அறையில் என்ன நடக்கிறது?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நோட்டீஸ் போர்டில் 'கவுன்சிலிங்' என்று பார்த்துவிட்டு, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பெற்றோர் சிலர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருப்பீர்கள். இன்ஜினீயரிங் சீட்டு பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனாலும் எழுந்து போய்விடாதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் பேசப் போகிறேன்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பது அதில் தெரிந்தது. நூறு பெரியவர்கள் வசிக்கும் குடியிருப்பு என்றால் ஏறக்குறைய பத்துப் பேர். அவர்களில் பெரும்பாலோர் எந்த உதவியையும் நாடுவதில்லை.

ஏன் என்று கேட்டால் இரண்டு பதில்தான் அதிகம் வரும். ஒன்று, "நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?" இன்னொன்று, "அங்கே போனா அட்வைஸ்தானே பண்ணுவாங்க? அதை வீட்டிலேயே நிறையக் கேட்டாச்சு." இரண்டாவது பதிலை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஓர் உதாரணம். குறிப்பிட்ட யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. தரைத்தளத்தில் வசிக்கும் ஓர் அம்மா. கணவர் தினமும் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர். மகன் பிளஸ் டூ. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததே, அப்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அந்த மழையில் இவர்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிட்டது. தண்ணீர் வடிந்தது, சுவருக்குப் பெயின்ட் அடித்தாயிற்று. ஆனால் வானம் கறுத்தாலே அந்த அம்மாவுக்குக் கை நடுங்குகிறது. இரவில் தூக்கமில்லை. வாசலில் கோலம் போடுவது நின்றுவிட்டது. மாலையில் மொட்டை மாடிக்கு வருவதும் நின்றுவிட்டது.

நாம் என்ன சொல்வோம்? "தைரியமா இருங்க", "கடவுள் இருக்கார்", "உங்களுக்கு மட்டுமா தண்ணி வந்துச்சு?" நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் இவற்றைக் கேட்டபின் அந்த அம்மா இன்னொரு முறை வாய் திறக்க மாட்டார்.

கவுன்சிலிங் அறையில் முதல் வேலை, கேட்பது. முக்கால் மணி நேரம், குறுக்கே பேசாமல். வெள்ளத்தன்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லும்படி வற்புறுத்துவதும் கிடையாது. பேரிடருக்குப் பிறகு ஒருவரைக் கட்டாயப்படுத்தி நடந்ததை விவரிக்க வைப்பது பலன் தராது என்பதால், உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைப்பதில்லை. அவர் சொல்ல விரும்புவதை, விரும்பும் நேரத்தில் சொல்லட்டும்.

அடுத்து, பிரச்சினைக்கு ஏற்ற வழிமுறை. முக்கியமான நான்கை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, எண்ணத்தைச் சோதிப்பது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய முறை. அந்த அம்மா ஒரு நோட்டில் எழுதுவார்: 'மேகம் கறுத்தது. இந்த முறை எல்லாம் போய்விடும் என்று தோன்றியது. கை நடுங்கியது.' பிறகு கவுன்சிலரும் அவரும் சேர்ந்து பார்ப்பார்கள். அந்தப் புயலுக்குப் பிறகு எத்தனை முறை மழை பெய்தது? எத்தனை முறை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது? அதன்பின், தூறல் நேரத்தில் ஐந்து நிமிடம் வாசலில் நிற்பது, மறுவாரம் பத்து நிமிடம் என்று மெல்ல மெல்லப் பழகுவார்.

இரண்டாவது, செயலிலிருந்து தொடங்குவது. "மனசு சரியானதும் கோலம் போடுகிறேன்" என்பார் அவர். "நாலு புள்ளிக் கோலமாவது நாளைக்கே போட்டுப் பாருங்கள், மனசு பின்னாலேயே வரும்" என்பது இந்த முறை. கோவாவில் சங்கத் என்ற அமைப்பு, உளவியல் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இதைச் செய்தது. நல்ல பலன் கிடைத்தது. 2017ல் 'லான்செட்' இதழில் அந்த முடிவுகள் வெளியாயின.

மூன்றாவது, பிரச்சினையைப் பிரித்துத் தீர்ப்பது. தரைத்தளத்தில் இருப்பவரின் பயம் முழுவதும் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. பத்திரங்களையும் சான்றிதழ்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண் மேல் வைப்பது, மழை இரவில் எந்த மாடி வீட்டுக்குப் போவது என்று இப்போதே பேசிவைப்பது, மெயின் சுவிட்சை யார் அணைப்பது என்று முடிவு செய்வது. வாரத்துக்கு ஒன்றாக முடித்தால் பயம் பாதியாகக் குறையும்.

நான்காவது, குடும்பத்தையும் அழைத்துப் பேசுவது. "அம்மா சும்மா பயப்படறாங்க" என்று நினைத்துக்கொண்டிருக்கும் மகனும் ஓர் அமர்வில் வந்து உட்கார வேண்டும். குடிப்பழக்கத்தில் இது இன்னும் முக்கியம். சாந்தி ரங்கநாதன் 1980ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையில், குடிப்பவரோடு அவர் மனைவிக்கும் குடும்பத்தாருக்கும் சேர்த்தே ஆலோசனை கொடுக்கிறார்கள்.

இனி, அக்கம்பக்கத்தினரான நம் பங்கு. ஜிம்பாப்வே நாட்டில் மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006ல் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, மர பெஞ்சில் உட்கார வைத்தார். மனம் சோர்ந்தவர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். நான் சொன்ன மூன்றாவது முறைதான் அங்கே நடப்பது. அவர்கள் மொழியில் இந்த நோய்க்குப் பெயரே 'அதிகமாக யோசிப்பது'. "ஒரே யோசனையா இருக்கு" என்று நம் ஊரில் சொல்கிறோமே, அதேதான். 573 பேரிடம் ஆய்வு செய்து 2016ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. பெஞ்சில் பேசியவர்களில் 14 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது.

அந்தப் பாட்டிமார்கள் பயிற்சி பெற்றவர்கள். நாம் அப்படி இல்லை. ஆனால் திண்ணை போன பிறகு நம் வளாகத்திலும் பெஞ்சு இருக்கிறது. "சாப்பிட்டீங்களா" என்பதோடு நிறுத்தாமல், "கொஞ்ச நாளா உங்களைக் காணோமே, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்க நம்மால் முடியும்.

எங்கே நிறுத்திக்கொண்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால், காதில் குரல் கேட்கிறது என்றால், குடியை நிறுத்த முடியவில்லை என்றால், வாழப் பிடிக்கவில்லை என்று பேசினால் தாமதிக்காதீர்கள். "உயிரை விட்டுவிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. "ஆமாம்" என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள். ரிசல்ட் வரும் வாரத்தில் பெற்றோர் இதை மறக்கக் கூடாது.

'போலீஸ் கேஸ் ஆகிவிடும்' என்ற பயத்தில் மூடி மறைக்கவும் வேண்டாம். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 'நாலு பேருக்குத் தெரிஞ்சா' என்ற முதல் கவலைக்கும் அதே சட்டத்தில் பதில் உண்டு. சிகிச்சை விவரங்கள் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பது 23வது பிரிவு.

போகும் இடங்கள்: முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. திண்டிவனம் பக்கம் இருக்கும் உங்கள் உறவினர்கள் அங்குள்ள அரசு மருத்துவமனையில், மனநல மருத்துவர் எந்தக் கிழமை பார்க்கிறார் என்று கேட்டுக்கொண்டு போகலாம். புதுச்சேரி ஜிப்மரும் தூரமில்லை. தனியாரிடம் போனால் படிப்பைக் கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். வீட்டிலிருந்தே பேச வேண்டுமா? 'டெலி மானஸ்' எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

நிர்வாகக் குழுவிடம் ஒரு வேண்டுகோள். லிஃப்ட் பக்கத்தில் பிளம்பர், எலக்ட்ரீஷியன் எண்களை ஒட்டியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே 14416ஐயும் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். யாருக்கு எப்போது தேவைப்படும் என்று நமக்குத் தெரியாது.