துக்கம் கேட்கப் போன நாரை



தூத்துக்குடிக்காரன் மேடையேறினால் முத்தைப் பற்றித்தான் கேட்பீர்கள். எங்கள் கடலில் பெரிய முத்துக்குளிப்பு 1961-உடன் ஓய்ந்துவிட்டது. உப்பளப் பாத்திகளில் கொக்கும் நாரையும் மட்டும் இன்றும் இரை தேடி நிற்கின்றன. அப்படியொரு நாரையைப் பற்றித்தான் பேச வந்தேன்.

சங்க நூலான ஐங்குறுநூற்றில் நெய்தல் திணைக்குரிய நூறு பாடல்களும் அம்மூவனார் பாடியவை. எங்கள் கொற்கைத் துறையும் அவற்றில் வருகிறது. அந்த நூற்றில் 151 முதல் 160 வரை 'வெள்ளாங்குருகுப் பத்து'. பத்துப் பாட்டுக்கும் முதல் இரண்டு அடி ஒன்றேதான்: வெள்ளாங்குருகின் குஞ்சு செத்ததென்று பார்க்கப் போகிறது ஒரு நாரை. மாற்றமெல்லாம் மூன்றாம் அடியிலிருந்து. ஒரு பாட்டில் அது கதறுகிறது. ஒன்றில் இறகு கோதி உதிர்க்கிறது. ஒன்றில் பசியோடு கிடக்கிறது. பல்லவி ஒன்று, சரணம் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாட்டைப் பாருங்கள், ஐந்தே அடி. நாரை மிதிக்க, கண் போன்ற நெய்தல் மொட்டு விரிந்து தேன் மணக்கிறது. அந்தத் துறைக்குரியவனுக்கு என் உடைந்த நெஞ்சம் இசையாது என்று முடிகிறது. பரத்தையிடம் போய்த் திரும்பியவனுக்கு வாயில் மறுக்கும் தலைவியின் குரல் இது.

அவனைப் பற்றி ஒரு குற்றச்சாட்டும் இல்லை. ஆனால் சாவு, நாரை, மிதிபட்ட பூ எல்லாமே 'துறைவன்' என்ற ஒரு பெயருக்கு அடைமொழியாகிவிடுகின்றன. அவன் ஊரைச் சொன்னதிலேயே அவன் நடத்தை முழுவதும் வந்துவிட்டது. இதைத்தான் உள்ளுறை என்றார்கள். பூ மிதித்தவனுக்கும் மணக்கிறது. இவள் நெஞ்சு அப்படியில்லை.

யாப்பும் உடன் வேலை செய்கிறது. நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி முச்சீராகக் குறையும். இங்கே அந்தக் குறை, 'துறைவன்' வந்து நிற்கும் இடத்தில் விழுகிறது. அவன் பெயரோடு பேச்சு ஒரு கணம் தடைபடுகிறது. அடுத்த அடியின் மூன்று சொல்லும் நகர வருக்கத்தில் தொடங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு மறுக்கின்றன.

தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களே, இப்பத்தை மனப்பாடப் பகுதியாக வைக்காதீர்கள். முதல் இரண்டு அடியை மட்டும் கொடுங்கள். நீங்கள் வாழும் நாட்டின் ஆற்றங்கரையில் அந்த நாரை என்ன செய்யும் என்று பிள்ளைகளே மூன்றாம் அடியை எழுதட்டும். அதன் பிறகு அம்மூவனாரைத் திறங்கள்; அவர் எவ்வளவு சொல்லாமல் விட்டிருக்கிறார் என்பது, எழுதிப் பார்த்த பிள்ளைக்குத்தான் புரியும்.