குதிரைத்திறன் கூடினா உழவு கூடுமா?

(கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைத் தொழிலாளர்களிடம் பேசியது)

ஷிப்ட் முடிஞ்சு ஊருக்குப் போனா நிலம் காத்திருக்கிறவங்க உங்கள்ல பலபேர். சின்ன டிராக்டர் விலை கேட்டா, "இன்னும் கொஞ்சம் போட்டா அஞ்சாறு எச்.பி. கூட வரும்"பாங்க. தவணை உங்க சம்பளத்துலதான் போகும், அவசரப்படாதீங்க.

விளம்பரத்தில் இருப்பது இன்ஜின் எச்.பி. ரோட்டவேட்டரைச் சுழற்றுவது பி.டி.ஓ. எச்.பி.; அது இன்ஜினை விடக் குறைவாகத்தான் இருக்கும். மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசு நிலையத்தின் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள், அந்த அளவு அதில் இருக்கும்.

ரோட்டவேட்டர் ஓட்டுறவங்களுக்குக் கூடுதல் திறன் உதவும். கலப்பை இழுக்க மட்டும்னா வண்டியோட எடையும் டயர் பிடிமானமும்தான் பேசும். எடை கூடாம திறன் மட்டும் கூடினா, சிதம்பரம் பக்கத்து களிமண் சேத்துல சக்கரம் சும்மா சுத்தும், டீசல்தான் போகும். பண்ருட்டிப் பக்கம் முந்திரி, பலாத் தோப்புக்காரங்க எச்.பி.க்கு முன்னாடி வண்டியோட அகலத்தையும் உயரத்தையும் பாருங்க, கிளை இடிக்கும்.

வருஷத்துல நாலஞ்சு நாள்தான் பெரிய வண்டி தேவைன்னா, வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரை உழவன் செயலியிலேயே வாடகைக்குப் பதிவு பண்ணலாம். வாங்கத்தான் போறீங்கன்னா, மானியம் உண்டான்னு அந்தத் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்துல கேட்ட பிறகு முன்பணம் கட்டுங்க.